ஐந்து கிலோ மேலே

பொங்கலும் கோயில் திருவிழாக்களும் நெருங்கிவிட்டால் திண்டுக்கல் சமவெளியில் கபடி நோட்டீஸ்கள் முளைத்துவிடும். வேடசந்தூர், வடமதுரை, நத்தம், குஜிலியம்பாறை என்று எந்தப் பக்கம் போனாலும் டீக்கடைச் சுவரில் ஒன்று ஒட்டியிருக்கும். பரிசுத் தொகைக்கு இணையான பெரிய எழுத்தில் அதில் ஓர் எடையும் இருக்கும்: 55 கிலோ, 60 கிலோ, 65 கிலோ. ஆட வருகிற பையன் களத்தில் இறங்கும் முன் தராசில் ஏற வேண்டும். 60 கிலோ அணிக்கு வந்தவனுக்குத் தராசு 61.4 காட்டினால், கூட வந்த அண்ணன்மார் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒன்றரைக் கிலோதானப்பா, நாலு ரவுண்டு ஓடுனா போயிரும்." ஓடுகிறான். வாயில் ஊறும் எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டே ஓடுகிறான். வெயிலில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. கடைசியில் தராசு இறங்கிவருகிறது. ஆட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதை ஆட வேண்டிய உடம்பு இதற்குள் களைத்துப்போயிருக்கிறது.

கபடியில் ஊர்ப் போட்டி அளவில் இருக்கும் இந்தக் கணக்கு மல்யுத்தத்தில் விளையாட்டின் அடித்தளமாகவே இருக்கிறது. உலக மல்யுத்தக் கூட்டமைப்பு ஆண்களின் ஃப்ரீஸ்டைல் போட்டியை 57, 61, 65, 70, 74, 79, 86, 92, 97, 125 என்று பத்து எடைகளாகப் பிரித்திருக்கிறது. பெண்களுக்கு 50 கிலோவில் தொடங்கி 76 வரை பத்து. ஒலிம்பிக்கில் இவை ஆறாகச் சுருங்கும். அங்கே ஆண்களுக்கு 65-ஐ விட்டால் அடுத்தது 74. இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தன் கணக்குகளுக்கு அளவுகோலாக வைத்திருக்கும் இளைஞரின் எடை 65 கிலோ, இளம்பெண்ணின் எடை 55 கிலோ. நம் கல்லூரிப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த எண்களுக்கு அக்கம்பக்கத்தில்தான் நிற்கிறார்கள். எந்தப் பிரிவில் இறங்குவது என்ற கேள்வி அவர்களில் பலருக்கு ஒன்றிரண்டு கிலோவில் முடிவாகிறது.

ஒரு மாணவனை வைத்துக்கொள்வோம். திண்டுக்கல்லில் ஏதோ ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வயது 19. வயிறாரச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் அவன் எடை 68.5 கிலோ. மூன்றரைக் கிலோவை இறக்கினால் 65 கிலோ பிரிவில் தன்னைவிடச் சிறியவர்களோடு மோதலாம் என்பது அவன் கணக்கு. ஒன்றுமே செய்யாவிட்டால் 70 கிலோ பிரிவு. அங்கே தன்னைவிடப் பெரியவர்கள், அநேகமாக அனுபவமும் கூடியவர்கள். பெரும்பாலான மாஸ்டர்கள் யோசிக்காமல் 65 என்பார்கள். அவன் 70-ல்தான் இறங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதைத் துணிச்சல் என்று பாராட்டிவிட்டுப் போவது எனக்குப் போதவில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால் உறுதியான உடலியலும் இயற்பியலும் இருக்கின்றன.

இறங்கும் பாதையை முதலில் பார்ப்போம். அந்த மூன்றரைக் கிலோ எங்கிருந்து வரும்? ஒரு கிலோ உடல் கொழுப்பைக் கரைக்கச் சுமார் 7,700 கிலோகலோரி செலவாக வேண்டும். மூன்றரைக் கிலோவுக்கு ஏறத்தாழ 27,000. பயிற்சி செய்யும் இந்த மாணவனின் உடல் ஒரு நாளில் செலவழிப்பது 3,000 அளவில். ஒரு பருக்கை சோறும் உண்ணாமல், பயிற்சியையும் விடாமல் ஒன்பது நாள் இருந்தால்தான் அவ்வளவு கொழுப்பு கரையும். போட்டிக்கு முந்தின இரண்டு நாளில் இறங்கும் எடையில் கொழுப்பு கொஞ்சம்தான் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். மிச்சமெல்லாம் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் இரண்டு இடங்களிலிருந்து போகிறது. ஒன்று, தசையின் சேமிப்பு. தசைகளும் கல்லீரலும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் வைத்திருக்கின்றன. நன்றாகச் சாப்பிடும் இளைஞன் உடலில் அது அரைக் கிலோ அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு கட்டிவைத்திருக்கிறது. சோற்றை நிறுத்திவிட்டுப் பயிற்சியைக் கூட்டினால் சேமிப்பு கரையும், கட்டிவைத்த தண்ணீரும் வெளியேறும். தராசில் ஒன்றரைக் கிலோ மாயமாகப் போய்விடும். ஆனால் ஆறு நிமிட மல்யுத்தத்தில் உடல் முதன்மையாக எரிப்பது இந்தக் கிளைக்கோஜனைத்தான். எதிராளியைத் தூக்க வேண்டிய எரிபொருளையே தராசுக்குக் கொடுத்துவிட்டு மல்யுத்த விரிப்பில் ஏறுகிறான் நம் மாணவன்.

இரண்டாவது, வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலில் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நம் உடலிடம் இருக்கும் குளிர்விப்பு முறைகளில் இதற்கு நிகரானது எதுவும் இல்லை. அந்த வியர்வைக்கான தண்ணீரை உடல் பெருமளவு இரத்தத்திலிருந்து எடுக்கிறது. 65, 70 கிலோ இளைஞனிடம் இருப்பது சுமார் ஐந்து லிட்டர் இரத்தம். அதில் செல்களை நீக்கினால் மிஞ்சும் திரவம் மூன்று லிட்டர். அது குறையக் குறைய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அனுப்பும் இரத்தத்தின் அளவு சுருங்குகிறது, அதை ஈடுகட்ட வேகமாகத் துடிக்கிறது. உடல் எடையில் ஒவ்வொரு விழுக்காடு நீர் போகும்போதும் அதே உழைப்புக்கு நிமிடத்திற்கு மூன்று முதல் ஐந்து துடிப்புகள் கூடுகின்றன. அந்தக் குறைந்த இரத்தத்தைத் தசைக்கு அனுப்புவதா, சூட்டை இறக்கத் தோலுக்கு அனுப்புவதா என்று உடல் தடுமாறும்போது சூடு உள்ளே தங்கிவிடுகிறது.

இதனால் விளையும் இழப்பை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். உடல் எடையில் மூன்று நான்கு விழுக்காடு நீர் குறைந்தவர்களுக்குத் தசை வலு சுமார் 2 விழுக்காடும், வெடித்தெழும் திறன் சுமார் 3 விழுக்காடும் குறைகின்றன. கடுமையான உழைப்பை நிமிடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் திறனோ 10 விழுக்காடு அளவுக்கு விழுகிறது. ஒரே ஒரு முறை பாரம் தூக்குகிறவர் இந்த இழப்பை அவ்வளவாக உணரமாட்டார். மூன்று நிமிடம் வீதம் இரண்டு சுற்று, அதுவும் ஒரே நாளில் மூன்று நான்கு பேரோடு மோத வேண்டிய மல்லருக்கு விழும் அடி, அவருக்கு மிகவும் தேவையான இடத்திலேயே விழுகிறது. நம் மாணவன் இறக்கப்போவது அவன் எடையில் 5 விழுக்காடு.

எடை பார்த்த பிறகு குடித்துச் சரிசெய்துகொள்ளலாமே என்பார்கள். இரைப்பை ஒரு மணி நேரத்தில் குடலுக்கு அனுப்பக்கூடிய திரவம் ஏறத்தாழ ஒரு லிட்டர். இழந்த நீரை முழுவதும் மீட்க, இழந்ததைப் போல ஒன்றரை மடங்கு குடிக்க வேண்டும், உப்போடு. வெறும் தண்ணீராகக் குடித்தால் பாதி சிறுநீராகப் போய்விடும். சர்வதேசப் போட்டிகளில் எடை பார்ப்பது அன்று காலையே. ஓரிரு மணி நேரத்தில் முதல் ஆட்டம். மூன்றரை லிட்டரை அதற்குள் மீட்க எந்த உடலாலும் முடியாது.

இந்தப் பாதையின் கோடி எங்கே முடியும் என்பதை 1997-ல் அமெரிக்கா பார்த்தது. நவம்பர் 7-க்கும் டிசம்பர் 9-க்கும் இடையில் வட கரோலினா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் எடை குறைக்கும்போதே இறந்தார்கள். மூவரும் காற்றுப் புகாத ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டு சூட்டில் பயிற்சி செய்தவர்கள். வியர்வை வழிந்தது, ஆனால் ஆவியாக வழியில்லை. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. நீரைப் பறிக்க மட்டும் செய்யும். மூன்றாவது மாணவர் பயிற்சி செய்த அறையை 33 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி வைத்திருந்தார்கள். அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு நெஞ்சு துணுக்குற்றது. மிச்சிகனின் குளிர்காலத்தில் செயற்கையாக உண்டாக்கிய அந்தச் சூடு திண்டுக்கல்லில் ஆண்டின் பெரும்பகுதி மதியங்களில் சும்மாவே இருக்கிறது. சித்திரையில் 38, 39-ஐத் தொடுகிறது. சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் நடுவே கிடக்கும் இந்த வறண்ட சமவெளியில் ஸ்வெட்டர் போட்டு ஓடுகிற பையன் அதே அறைக்குள்தான் ஓடுகிறான்.

அந்த மரணங்களுக்குப் பிறகு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு விதிகளை மாற்றியது. ரப்பர் உடைக்கும் நீராவி அறைக்கும் தடை வந்தது. பருவம் தொடங்கும்போதே ஒவ்வொரு மாணவரின் சிறுநீர் அடர்த்தியை அளக்கிறார்கள், 1.020-ஐத் தாண்டினால் உடலில் நீர் போதாது என்று பொருள், பரிசோதனையே செல்லாது. நீர் நிறைந்த நிலையில் உடல் கொழுப்பை அளந்து, கொழுப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழே போகாத எடை எதுவோ அதற்குக் கீழே அந்த மாணவர் போட்டியிட முடியாது. வாரத்துக்கு ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் எடை இறக்கவும் கூடாது. எடைப் பிரிவுகளையே சற்று மேலே நகர்த்திவிட்டார்கள்.

நம் நாட்டுக்கு இந்தப் பாடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் வந்தது. 2024 ஆகஸ்ட் 6 அன்று வினேஷ் போகத் 50 கிலோ பிரிவில், சர்வதேச ஆட்டங்களில் அதுவரை தோல்வியே அறியாத ஜப்பானின் யுய் சுசாகியை வீழ்த்தினார். மேலும் இரண்டு ஆட்டங்களை வென்று இறுதிப்போட்டிக்குப் போனார். அன்று காலை தராசில் 50-க்குள் இருந்தவர், ஆட்டங்கள் முடிந்து கொஞ்சம் உண்டு குடித்த பிறகு 2.7 கிலோ கூடுதலாக இருந்தார். இரவு முழுக்கத் தூக்கமில்லை, சாப்பாடில்லை, ஓட்டம், நீராவி அறை, தலைமுடியைக்கூட வெட்டினார்கள். மறுநாள் காலை 100 கிராம் மிஞ்சியது. இறுதிப்போட்டியும் போனது, அதுவரை வென்றதும் போனது. இவர் 2016 ரியோவில் 48 கிலோவிலும் டோக்கியோவில் 53 கிலோவிலும் ஆடியவர். 53-க்கான இந்திய இடம் அன்திம் பங்கலின் வெற்றியால் நிரம்பிவிட்டதால், உடல் மேலே போக விரும்பிய வயதில் கீழே இறங்க வேண்டியிருந்தது. அதே ஒலிம்பிக்கில் அமன் செராவத் ஒரே இரவில் 4.6 கிலோ இறக்கி 57 கிலோவில் வெண்கலம் வாங்கினார். நாம் கைதட்டினோம். அடுத்த ஆண்டு ஜாக்ரெப் உலகப் போட்டியில் அதே அமன் 1.7 கிலோ கூடுதல் என்று ஆட்டத்துக்கே அனுமதிக்கப்படவில்லை. இருவரின் மன உறுதியைப் பற்றியும் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. சிறுநீரகத்துக்கு மன உறுதி புரியாது. நீர் குறைந்தால் அது இருக்கும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கடைசி 100 கிராம் அதனால்தான் இறங்க மறுக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. மாதக்கணக்கில் குறைவாக உண்டு கடுமையாகப் பயின்றால் மூளை முதலில் நிறுத்திவைப்பது மாதவிடாயை. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, அதோடு எலும்பு அடர்த்தியும் குறைகிறது. இருபது வயதுக்குள் சேர்க்க வேண்டிய எலும்பைப் பிற்பாடு சேர்ப்பது மிகக் கடினம்.

இனி மேலே போகும் பாதை. 70-ல் நிற்கப்போகும் எதிராளி எவ்வளவு பெரியவர்? தராசில் அவர் 70 காட்டுவார், ஆனால் அவரும் மேலிருந்து எடை இறக்கித்தான் வந்திருப்பார். இயல்பான எடை 73 என்று வைத்துக்கொள்வோம். நம் மாணவனைவிட எடையில் 6.6 விழுக்காடு கூடுதல். அவர் வலுவும் அதே அளவுக்குக் கூடுதலாக இருக்குமா? இருக்காது. கலிலியோ 1638-ல் வெளியிட்ட நூலில் இதற்கான விடை இருக்கிறது. உருவம் மாறாமல் ஓர் உடல் பெரிதானால் எடை அதன் கன அளவைப் பொறுத்துக் கூடும். தசையின் விசையோ அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தே கூடும். உயரம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு, வலு நான்கு மடங்கு. வேறு மாதிரி சொன்னால், எடையின் மூன்றில் இரண்டு அடுக்கில்தான் வலு வளர்கிறது.

பளுதூக்கும் மேடையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சீனாவின் லீ ஃபாபின் 61 கிலோ பிரிவில் மொத்தம் 318 கிலோ தூக்கியவர். தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல். நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியபோது தூக்கியது 328, நான்கேகால் மடங்கு. எடை வரம்பே இல்லாத பிரிவின் ஜார்ஜிய வீரர் லாஷா தலகாட்ஸே 2021-ல் 492 தூக்கினார். அவர் உடல் லீ ஃபாபினைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு; தூக்கிய எடை ஒன்றரை மடங்குதான்.

இந்தக் கணக்கில் 73 கிலோ எதிராளி நம் மாணவனைவிட 4.3 விழுக்காடு வலுவானவர். அந்த 4.3-ஐயும், எடை இறக்கினால் தாங்கும் திறனில் போகும் 10-ஐயும் நேரடியாகக் கழித்துப் பார்க்க முடியாது. இரண்டும் வேறு வேறு அளவைகள். இருந்தாலும் ஒன்று தெளிவு. எதிராளியின் வலு முதல் நிமிடத்தில் கூடுதல், ஆறாவது நிமிடத்தில் அதுவும் தளர்ந்திருக்கும். எடை இறக்கி வந்தவனின் நீரிழப்பு முதல் நிமிடத்தில் அவ்வளவாகத் தெரியாது, ஆறாவது நிமிடத்தில்தான் முழுசாகத் தெரியும். அதோடு, 65-ல் அவன் சந்திக்கப்போவது சிறியவர்களை என்பதும் பாதி பொய். அங்கே நிற்கும் பலரும் 68-லிருந்து இறங்கி வந்தவர்கள். எல்லாரும் ஒரு படி இறங்கினால் யாருக்கும் ஆதாயம் இல்லை, எல்லாருக்கும் தாகம் மட்டும் மிச்சம்.

வலுவைவிடச் சிக்கலானது கவிழ்ப்பது. நிற்கும் மனிதரைச் சாய்க்க வேண்டுமானால் அவர் எடையையும் அவர் கால்கள் விரிந்து நிற்கும் அகலத்தையும் சேர்த்து வெல்ல வேண்டும். உடல் பெரிதாகும்போது எடையும் கூடுகிறது, அகலமும் கூடுகிறது. ஆகவே 6.6 விழுக்காடு எடை கூடியவரைச் சாய்க்க ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுதல் திருகுவிசை தேவை. மேலே போகும் மல்லர்கள் "நிக்கிறான் மாஸ்டர், அசைய மாட்டேங்குறான்" என்று சொல்வது இதைத்தான். நெஞ்சோடு நெஞ்சு மோதித் தள்ளி அவரை வெல்ல முடியாது. அவரது அகலத்தையே இல்லாமல் ஆக்க வேண்டும். ஒரு காலைப் பிடித்துத் தூக்கிவிட்டால் அவர் நிற்கும் அடித்தளம் ஒரே பாதத்தின் அளவுக்குச் சுருங்கிவிடும். அப்போது அவரது கூடுதல் எடை அவருக்கே எதிரியாகிறது. சிறிய உடல் வேகமாக முடுக்கம் பெறும் என்பதும் அதே கலிலியோ கணக்கிலிருந்தே வருகிறது. இங்கே அது சுமார் 2 விழுக்காடு. கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் கால் பிடி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் நொடிப் பொழுதில்தான். மேலே போகிறவர்கள் ஒற்றைக் கால் பிடியையும், தாழ்ந்து உள்ளே நுழைவதையும், பிடி கிடைத்த கணமே திசை மாற்றுவதையும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

எடைப் பிரிவே இல்லாத காலத்தில் இது எல்லா மல்லருக்கும் தெரிந்த வித்தை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அங்கே யாரும் தராசு வைத்ததாகச் செய்தி இல்லை. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும் எடைப் பிரிவு கிடையாது. அங்கே மல்யுத்தத்தில் வென்றவர் கார்ல் ஷூமான் என்ற ஜெர்மானிய ஜிம்னாஸ்டிக் வீரர், 163 சென்டிமீட்டர் உயரம். வழியில் அவர் வீழ்த்தியவர்களில் ஒருவர், அதே ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் முதலிடம் பெற்ற லான்ஸ்டன் எலியட். 1910-ல் லண்டனில் காமா பயில்வான் தன்னைவிட மிகக் கனத்த போலந்து மல்லர் ஸ்பிஷ்கோவோடு மோதினார். ஸ்பிஷ்கோ இரண்டரை மணி நேரத்தின் பெரும்பகுதியைத் தரையோடு தரையாகக் கிடந்தே ஓட்டினார். கனத்த உடல் தரையில் பரவிக் கிடந்தால் கவிழ்க்க உயரமே இல்லை. காமாவாலும் அன்று முடியவில்லை. 1928-ல் பாட்டியாலாவில் மறுபடி மோதியபோது ஸ்பிஷ்கோ நின்று ஆடினார். ஒரு நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்தது.

கல்லூரி மாணவர் ஒருவர் படிப்படியாக மேலே போன கதைகளில் எனக்கு மிகப் பிடித்தது கைல் டேக்குடையது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர். 2010-ல் 64 கிலோ பிரிவில் தேசியக் கல்லூரிப் பட்டம். அடுத்த ஆண்டு 67.5. அதற்கடுத்து 71. ஒவ்வொரு படியும் மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். நம் மாணவன் இறக்க நினைத்த அதே அளவை இவர் ஆண்டுதோறும் ஏற்றினார். கடைசி ஆண்டில் 71-லேயே இருந்திருந்தால் நான்காவது பட்டம் எளிதாகக் கிடைத்திருக்கும் என்று பலரும் நினைத்தார்கள். அவர் 75-க்குப் போனார். அங்கே முந்தைய ஆண்டின் சாம்பியன் டேவிட் டெய்லர் இருந்தார், நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி மல்லர் என்று விருது பெற்றவர். 2013 மார்ச்சில் டெமாய்ன் நகரில் நடந்த இறுதிப்போட்டியில் டேக் 5-4 என்று வென்றார். நான்கு ஆண்டுகளில் நான்கு எடைகளில் நான்கு பட்டங்கள் வாங்கிய முதல் மாணவர் அவர்.

தோற்ற டெய்லரும் மேலே போனார். கல்லூரியில் 75 கிலோ, பிறகு சர்வதேச அரங்கில் 86. அங்கே அவருக்கு எதிரில் நின்றவர் ஈரானின் ஹசன் யஸ்தானி. ரியோவில் 74 கிலோ தங்கத்தை வென்றுவிட்டுத் தானாக 86-க்கு ஏறி உலக சாம்பியன் ஆனவர். டோக்கியோ இறுதிப்போட்டியின் கடைசி நொடிகளில் டெய்லர் 4-3 என்று அவரை வென்றார். மேலே ஏறி வந்த இருவர் அந்த எடையின் உச்சத்தில் சந்தித்துக்கொண்டார்கள். இந்தியாவில் சுஷில் குமாரின் கதை வேறு. 66 கிலோவில் பெய்ஜிங்கில் வெண்கலம், லண்டனில் வெள்ளி வாங்கியவர். 2013 இறுதியில் எடைகளை மாற்றி அமைத்து 66-ஐ எடுத்துவிட்டார்கள். முப்பது வயதில் 65-க்கு இறங்கிக் காய்வதைவிட 74-க்கு ஏறுவது மேல் என்று முடிவெடுத்தார். 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் அந்த எடையில் காமன்வெல்த் தங்கம் வந்தது. 60 கிலோவில் உலக வெண்கலம் வாங்கிய பஜ்ரங் புனியா 65-க்கு ஏறி டோக்கியோவில் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கினார்.

எல்லாரும் எல்லா இடத்திலும் ஏறலாம் என்று இதற்குப் பொருள் கிடையாது. 97-க்கும் 125-க்கும் நடுவே 28 கிலோ இடைவெளி. அந்தப் படியின் உச்சத்தில் நிற்பவரைச் சாய்க்க 40 விழுக்காடு கூடுதல் திருகுவிசை வேண்டும். எந்தக் கால் பிடியும் அதை எளிதில் ஈடுசெய்யாது. கழுத்தும் முழங்காலும் அங்கே முதலில் பழுதாகும். ஒலிம்பிக் வரிசையில் 65-லிருந்து 74-க்குப் போவதும் திருகுவிசைக் கணக்கில் 19 விழுக்காட்டுத் தாவல்; ஓரிரு ஆண்டு தசை சேர்த்த பிறகே அதை நினைக்கலாம். நம் மாணவனுக்கு முன்னால் இருப்பது சிறிய படி. கல்லூரிப் போட்டிகளில் 61, 70, 79 போன்ற இடைப்பட்ட எடைகள் இருப்பதை நான் பெரிய வரமாகப் பார்க்கிறேன். வளரும் வயதில் இருக்கிறவனுக்கு அவை ஏணியின் நெருக்கமான படிகள். 19 வயது உடல் இன்னும் தசை சேர்த்துக்கொண்டிருக்கிறது. 65-ல் கட்டிப்போட்டால் அந்த வளர்ச்சியோடு மூன்று ஆண்டு போராட வேண்டும், அதில் தோற்பதும் நிச்சயம்.

ஏறுவதற்கும் முறை உண்டு. வாரத்துக்கு உடல் எடையில் கால் முதல் அரை விழுக்காடு, அதாவது நம் மாணவனுக்கு 170 முதல் 340 கிராம் வரை ஏறினால் அதில் பெரும்பகுதி தசையாக இருக்க வாய்ப்புண்டு. அதற்கு மேல் வேகமாக ஏறினால் கொழுப்புதான் சேரும். கொழுப்பு எடைப் பிரிவில் கணக்காகும், எதிராளியைத் தூக்க உதவாது. தசை வளரக் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் போதும் என்பது இதுவரையிலான ஆய்வுகளின் சாரம். அவனுக்கு நாளைக்கு 110 கிராம். விளம்பரத்தில் வரும் பவுடர் டப்பா இதற்குத் தேவையில்லை. ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் நிலக்கடலையில் 25, நூறு கிராம் கொண்டைக்கடலையில் 20 இருக்கிறது. கோழிக்கறியும் தயிரும் பருப்பும் சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடும். விடுதி மெஸ்ஸில் இடிக்கும் இடம் காலை உணவு. நான்கு இட்லியும் சாம்பாரும் மாவுச்சத்தைத் தரும், புரதத்தைப் போதுமான அளவு தராது. இரண்டு அவித்த முட்டையும் ஒரு கை சுண்டலும் அங்கே சேர வேண்டும். பயிற்சி முடிந்த உடனே கிளைக்கோஜனை நிரப்பச் சிறுமலைப் பழம் இரண்டு போதும். நம் மண்ணிலேயே விளைகிறது.

முதல் பருவத்தில் அவன் தோற்பான் என்றே வைத்துக்கொள்ளலாம். 70-ல் இருப்பவர்களுக்கு அந்த எடையில் பழக்கம் அதிகம், பிடியின் அழுத்தம் வேறு. ஆனால் நீர் நிறைந்த உடலோடு தோற்கிறவனுக்கு மறுநாள் பயிற்சிக்கு வர முடியும். இறக்கி வந்து தோற்கிறவனுக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் உடல் பழைய நிலைக்குத் திரும்பவே போய்விடும். ஒரு பருவத்தில் ஐந்தாறு போட்டி என்றால் பயிற்சி நாட்களில் எத்தனை இப்படிக் கரையும் என்று மாஸ்டர்கள் ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும். அதோடு, தன்னைவிட வலுத்தவர் தரும் அழுத்தத்துக்கு மூளை தன் கணிப்புகளைத் திருத்திக்கொள்ளும். எப்போது கால் நுழைப்பது, எப்போது விடுவது என்ற முடிவுகள் தவறும்போதுதான் கூர்மையாகின்றன. எப்போதும் வெல்லும் இடத்தில் அந்தத் தவறுகள் நிகழ்வதே இல்லை.

ஊர்க் கபடிக்கு மறுபடி வந்தால், அங்கே இந்த ஏற்றம் எல்லாருக்கும் ஒருநாள் கட்டாயமாகிறது. தேசிய அளவில் ஆண்களுக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75 கிலோ என்று மேல் வரம்பு மட்டும்தான்; கீழே பிரிவே கிடையாது. 60 கிலோ போட்டிகளில் பெயர் வாங்கிய ரெய்டர் அங்கே பாடிப் போகும்போது 80 கிலோ ஆட்கள் கையைக் கோர்த்துக்கொண்டு நிற்பார்கள். ஊரில் எச்சிலைத் துப்பிக்கொண்டு ஓடியே பழகியவன் அன்று திகைத்து நிற்பான். ஒரு கிலோ கூடினால் கூடட்டும் என்று 65 கிலோ அணியில் ஆடிப் பழகியவனுக்குக் கனத்த உடல்களுக்கு நடுவே எங்கே இடைவெளி திறக்கும் என்பது கொஞ்சமாவது தெரிந்திருக்கும்.

இதற்கெல்லாம் நம் கல்லூரிகளுக்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. சிறுநீர் அடர்த்தியைக் காட்டும் கைக்கருவி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு சொட்டு போதும், அரை நிமிடத்தில் எண் தெரியும். தோல்மடிப்பை அளக்கும் இடுக்கி அதைவிட மலிவு. ஜூன் மாதம் கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே, பிள்ளைகள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு நிறைவாக வந்திருக்கும்போது, ஒவ்வொருவருக்கும் இந்த இரண்டு அளவையும் எடுத்து, இந்த ஆண்டு இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று ஓர் எண்ணைப் பதிவேட்டில் எழுதி, மாணவனும் மாஸ்டரும் கையெழுத்துப் போட்டுவிடலாம். 68.5 கிலோ மாணவனின் பெயருக்கு எதிரே 67 என்று எழுதியிருந்தால், பிப்ரவரியில் போட்டி வரும்போது 65-ஐப் பற்றி யாரும் பேச முடியாது. ஜூனிலிருந்து அதுவரை இருக்கும் எட்டு மாதத்தையும் 70-க்கான பயிற்சிக்கே கொடுத்துவிடலாம்.